கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அகல் விளக்கு

நவராத்திரி வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க, பிளாஸ்டிக் டப்பாவைவிடக் கையால் வரைந்த இரண்டு அகல்கள் எவ்வளவோ மேல். கார்த்திகை தீபம் வரை உதவும், செலவும் குறைவு.

மண் அகல்களை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். தூசி போகும். மறுநாள் வெயிலில் நன்றாகக் காய வேண்டும், ஈரம் இருந்தால் வண்ணம் உரிந்துவிடும். காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஃபெவிகால் கொஞ்சம் சேர்த்து வெளிப்புறம் மட்டும் பூசுங்கள். காய்ந்ததும் வெள்ளை அக்ரிலிக்கில் பல்குத்தும் குச்சியைத் தொட்டு வரிசையாகப் புள்ளி வையுங்கள், புள்ளிகளைச் சுற்றி மெல்லிய கம்பி இழுத்தால் வாசற்படிக் கோலம் அப்படியே வந்துவிடும். ஜிகினா, கல் எல்லாம் ஒட்டுவதைவிட இதுதான் எனக்கு அழகு. திரி நிற்கும் மூக்கிலும் உள்பக்கத்திலும் வண்ணம் படவே கூடாது. நெருப்பு படும் இடம் அது.

அப்புறம், இரண்டு அகல், கொஞ்சம் பஞ்சுத்திரி, ஒரு குங்குமப் பொட்டலம் மூன்றையும் சின்னப் பாக்குமட்டைக் கிண்ணத்தில் வைத்துப் பழைய பட்டுப்புடவைத் துணியால் முடிந்து கொடுங்கள். மிஞ்சிய அகல்களைக் கொலுப்படியின் ஓரத்தில் வெறுமனே அடுக்கி வைக்கலாம். துணி விரித்த படியில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

வாங்கும்போது குயவரிடமே போய் வாங்குங்கள், விலையும் குறையும். நாலைந்தில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்து எடுங்கள்.