பிரிட்டிஷ் டிவி காமெடியை எங்கிருந்து பிடிப்பது

பிரிட்டிஷ் டிவி காமெடியில் எதைப் பார்ப்பது என்று இணையத்தில் தேடினால் முதலில் கைக்கு வருவது அமெரிக்க ரசிகர்கள் போட்ட பட்டியல்தான். இந்தத் தொடர்கள் மேல் அவர்களுக்கு ஒரு பித்தே உண்டு. 1974ல் டல்லாஸ் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் காமெடித் தொடரைப் போட்டது, அங்கிருந்துதான் அந்த நாட்டில் ஊர் ஊராகப் பரவியது, அதனாலேயே அவர்கள் பட்டியலில் அது எப்போதும் முன்னால் நிற்கும். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உட்கார்ந்துகொண்டு அந்த வரிசையை அப்படியே பிடிக்காதீர்கள். மான்டி பைதான் அந்தக் காலத்து இங்கிலாந்து டிவியையே கிண்டல் பண்ணுகிறது. அந்த டிவியைப் பார்க்காதவருக்குப் பாதி புரியாது, மீதி கிறுக்குத்தனமாகத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு வேறு வாசல் இருக்கிறது. பிரிட்டிஷ் காமெடியில் முக்கால்வாசி, யார் பெரியவர் யார் சின்னவர் என்ற கணக்கில்தான் ஓடும். பெரிய துரை, சின்ன துரை, டீமேக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாக ஆள் நிற்கிற தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கோட்டும் டையும் இல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது என்று பேர் எடுத்த கிளப் நுவரெலியாவில் இருக்கிறதே, அதன் வாசலைத் தாண்டி நடந்தவருக்கே பாதி பாடம் முடிந்துவிட்டது.

ஆகவே முதலில் ஃபோல்டி டவர்ஸ். மொத்தமே 12 எபிசோட், 1975ல் ஆறு, 1979ல் ஆறு. அந்தக் காலத்து அமெரிக்கத் தொடர்கள் ஒரு சீசனுக்கே இருபதைத் தாண்டும், இவர்கள் ஆறு எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் ஒரே இரவில் விழுங்காமல் ஒன்றிரண்டாகப் பாருங்கள். டோர்கீ என்ற கடற்கரை ஊரில் பேசில் என்று ஒரு ஹோட்டல்காரன், நடிப்பது ஜான் கிளீஸ். எழுதியது அவரும் அவருடைய முதல் மனைவி கொனி பூத்தும், இந்த அம்மா அமெரிக்காவில் பிறந்தவர் என்பதை அங்குள்ள ரசிகர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார்கள். முதல் எபிசோடையே முதலில் பாருங்கள். பேசிலுக்குத் தன் ஹோட்டலில் மேல்தட்டு ஆட்கள் வந்து தங்கவேண்டும் என்று ஆசை. ஒருவன் வருகிறான், பேர் எழுதும்போது தான் ஒரு பிரபு என்கிறான், அந்த நொடியில் பேசிலின் முதுகெலும்பு கரைந்துவிடுகிறது. ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தை எழுப்பி வேறு மேசைக்குத் தள்ளிவிட்டு, பிரபுவை அங்கே உட்காரவைக்கிறான். சாதாரணப் பேச்சு பேசுகிற இன்னொருவனைக் கண்டாலே முகம் சுளிக்கிறான். பிரபு யார், மற்றவன் யார் என்று கடைசியில் தெரியவரும்போது பேசில் படும் பாட்டைத்தான் பார்க்கவேண்டும், அதை நான் சொல்லப்போவதில்லை. ஒரு யோசனை: பேசில் கத்தும்போது பேசிலைப் பார்க்காதீர்கள். பார்சிலோனாவிலிருந்து வந்த வெயிட்டர் மானுவலின் முகத்தைப் பாருங்கள். பாஷை தெரியாமல், அடியும் வாங்கிக்கொண்டு, சொன்னதை அப்படியே செய்தே முதலாளியைக் கவிழ்க்கிற அந்த ஆளை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, எஸ் மினிஸ்டர். 1980லிருந்து 84 வரை, அப்புறம் 1986லிருந்து 88 வரை எஸ் பிரைம் மினிஸ்டர். அமைச்சர் ஹேக்கர் ஏதாவது நல்லது செய்யக் கிளம்புவார், செயலாளர் சர் ஹம்ப்ரி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வார். சண்டையெல்லாம் கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசியே காரியத்தைக் கெடுப்பார்கள். அப்போது பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சருக்கே இது ரொம்பப் பிடிக்கும் என்றால் பாருங்கள். ஒரு கையெழுத்துக்காகப் பிரதேச செயலகத்தில் நின்றவர்கள் எல்லோரும் இதற்குத் தகுதியான ரசிகர்கள். ஓர் எபிசோடில் புத்தம்புது ஆஸ்பத்திரி, நிர்வாகத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் என்று 500 பேர், நோயாளி ஒருவர்கூட இல்லை. அதை மிகச் சிறப்பாக இயங்கும் ஆஸ்பத்திரி என்று சர் ஹம்ப்ரி வாதாடுவார், அதுவும் நமக்கே சரிதானோ என்று தோன்றுகிற மாதிரி. அவர் மூச்சுவிடாமல் நீளமாக ஒரு வாக்கியம் பேசும்போது சப்டைட்டிலைத் துரத்தாதீர்கள். புரியாமல் இருப்பதுதான் அங்கே ஜோக், அமைச்சரின் கண்ணைப் பார்த்தால் போதும்.

வீட்டில் அப்பாயி, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே திரைக்கு முன்னால் என்றால் பேச்சே வேண்டாம், மிஸ்டர் பீன் போடுங்கள். 1990ல் தொடங்கியது, 15 எபிசோட். கார்ட்டூனைச் சொல்லவில்லை, ரோவன் அட்கின்சன் நடித்ததைச் சொல்கிறேன். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் செய்கிற காட்சியைத் தேடிப்பிடியுங்கள்: பாணைக் கத்தரிக்கோலால் வெட்டி, கிரெடிட் கார்டால் பட்டர் பூசி, கழுவின இலையைச் சொக்ஸுக்குள் போட்டுச் சுழற்றி உலர்த்துவார். தேத்தண்ணி கலக்குவது சுடுதண்ணீர்ப் பையில். நம் கொழுந்துக்கு இப்படியும் ஒரு கதி என்று அப்பாயிமார் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஓர் அலுவலகத்தையும் அதன் மேலாளரையும் சுற்றி ஓடும் தி ஆபிஸைக் குடும்பத்தோடு பார்க்கவேண்டாம், சிரிப்பு எப்போது வரும் என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அதில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, சங்கடமான மௌனம்தான் சிரிப்பு. 2001ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆபிஸ் 12 எபிசோடும் ஒரு கிறிஸ்மஸ் சிறப்பும்தான், அமெரிக்கர்கள் அதை எடுத்து 201 ஆக இழுத்தார்கள். அமெரிக்க ஆபிஸில் அந்த மேலாளர் மேல் போகப்போகப் பாசம் வந்துவிடும். பிரிட்டிஷில் பாசம் லேசில் வராது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

டேட்டா விஷயம்: இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் படுக்கப் போகும்முன் டவுன்லோடுக்குப் போட்டுவிடுங்கள். மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டால் அப்போது போனில் ஓடும். தமிழ் சப்டைட்டிலை எதிர்பார்க்காதீர்கள், ஆங்கில சப்டைட்டில் கட்டாயம், அவர்கள் உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும். முழு எபிசோடுக்கு முன்னால் யூடியூபில் துண்டுக் காட்சிகள் நாலைந்து பார்த்தால் காது பழகிவிடும்.

மைண்ட் யுவர் லாங்குவேஜை யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். 1977ல் வந்தது, லண்டனில் வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலம் படிக்கிற வகுப்பு. சிரிப்பு வரும், ஆனால் சீக்கியர், பாகிஸ்தானி, சீனப் பெண் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்து வைத்திருப்பார்கள், அங்கே சிரிப்புக்கு ஆளாவது நம் பக்கத்து ஆட்கள்தான். பார்க்கவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பார்த்த கையோடு 1998ல் பிபிசியில் வந்த குட்னெஸ் கிரேஷியஸ் மீயைப் போடுங்கள், இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளியினர் எழுதி நடித்தது. அதில் குடித்துவிட்டு வருகிற இந்தியர் கூட்டம் ஒன்று ஆங்கிலேயச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, வெயிட்டரின் பெயரைக் கொலை செய்து, இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாத சாப்பாட்டைக் கொண்டுவா என்று அதட்டும்.