உடன் பணியாற்றுபவரோடு முறிந்த பேச்சை மீட்பது எப்படி

ஒரே அறையில் வேலை செய்யும் இருவர் பேச்சை நிறுத்திவிட்டால், அந்த மௌனத்தின் சுமை அவர்கள் இருவரோடு நிற்பதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேராகப் போகவேண்டிய கோப்பு மூன்றாமவர் வழியாகச் சுற்றிப் போகும்; எட்டிப் பார்த்து ஒரு வாக்கியத்தில் கேட்டு முடிக்கவேண்டிய ஐயம், நான்கு பேருக்கு நகல் வைத்த கடிதமாக உருவெடுக்கும். இத்தகைய பிணக்கைத் தீர்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மிரட்டல், பாலியல் தொல்லை, உழைத்த கூலியைத் தராமல் இழுத்தடித்தல் ஆகியவற்றை யாரும் பிணக்கு என்று சுருக்கிப் பேசக்கூடாது. அவற்றுக்கு முறைப்படி புகார் செய்வதே வழி. இந்த வேறுபாட்டைப் பாராமல் எல்லோரிடமும் "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று சொல்பவர்கள், பெரும்பாலும் வலியவர் பக்கமே நிற்கிறார்கள்.

திருக்குறளில் பகையைப் பற்றிப் பேசும் அதிகாரங்களுக்கு முன்னால், 86ஆம் அதிகாரமாக, 'இகல்' என்று ஒன்று தனியே வைக்கப்பட்டிருக்கிறது. இகல் என்பது மனம் மாறுபட்டு விலகி நிற்கும் நிலை. அங்கே அது ஒரு நோயாகவே சொல்லப்படுகிறது. பணியிடத்துப் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. பகையாக முற்றும் முன்பே கை வைத்தால் தீர்த்துவிடலாம்.

முதலில் செய்யவேண்டியது, நடந்ததை ஐந்தாறு வரிகளில் எழுதுவது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே அதில் இடம்பெறவேண்டும். "என்னை மட்டம் தட்டினார்" என்பது நாம் வழங்கிய தீர்ப்பு. "நான் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை குறுக்கிட்டார்" என்பதுதான் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நானும் உடன் பணியாற்றிய ஒருவரும் சேர்ந்து ஓர் ஆண்டறிக்கையைத் தயாரித்தோம். அதை மேலதிகாரிகள் முன் வைத்த நாளில் அவர், "நான் தயாரித்த அறிக்கை" என்று ஒருமையில் தொடங்கினார். அந்த ஒரு சொல்லுக்காக ஏறத்தாழ நான்கு மாதம் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் எழுதிப் பார்த்தபோது, என் கையில் இருந்த சான்று 'நான்' என்ற அந்தச் சொல் மட்டுமே என்பதும், அவருடைய சூழ்ச்சி, நெடுநாள் பொறாமை, உள்நோக்கம் ஆகிய மற்றவை எல்லாம் நானே சேர்த்த சரக்கு என்பதும் தெரியவந்தது.

அப்படிச் சேர்ப்பது மனித மனத்தின் பொதுவான வழக்கம். எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட ஆய்வில், கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதவேண்டும் என்பது எழுதியவரின் விருப்பம் அன்று, கட்டளையிடப்பட்டது என்று சொல்லிய பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே படித்தவர்கள் கணித்தார்கள். ஒருவர் எந்த நெருக்கடியில் இருந்தார் என்பது நம் கண்ணுக்குத் தெரிந்தாலும், அவர் செய்ததற்கு அவருடைய குணத்தையே காரணமாக்குகிறோம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் இதற்கு 'அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை' என்று ஒரு பெயரே சூட்டினார். ஆகவே, எழுதிய வரிகளுக்குக் கீழே, அவர் அப்படி நடந்துகொள்ளக்கூடிய மூன்று சூழ்நிலைக் காரணங்களையும் எழுதுங்கள். அவற்றை நம்பவேண்டியதில்லை, எழுதினால் போதும். பதற்றத்தில் வாய் தவறியிருக்கலாம் என்ற எளிய காரணம், நான்கு மாதமும் எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது பங்குக் கணக்கு. பணியிடத்தில் மூளும் பிணக்குகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவனையும் மனைவியையும் தனித்தனியே அழைத்து, வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் சண்டையைத் தொடங்குவது போன்ற பெருமைக்கு இடமில்லாத செயல்களிலும் இதே சாய்வு தென்பட்டது. நாம் கண்விழித்த இரவு நமக்கு நினைவிருக்கிறது. அவர் கண்விழித்த இரவில் நாம் உறங்கிக்கொண்டிருந்தோம். எனவே உங்கள் பங்கை மதிப்பிட்ட பிறகு, நீங்கள் நேரில் காணாத எந்தெந்த வேலைகளை அவர் செய்திருக்கவேண்டும் என்று பட்டியலிடுங்கள். தரவு கேட்டு எத்தனை பேரிடம் தொலைபேசியில் கெஞ்சினார், எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டதை மீண்டும் செய்தார் என்று எண்ணிப் பார்த்தாலே போதும், நம் விழுக்காடு தானாக இறங்கும்.

இறைநம்பிக்கை உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வதுண்டு: "கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்று சொல்லி, எதிரே இருப்பவரிடம் போகாமலே இருந்துவிடுகிறார்கள். சமய மரபுகளோ அவ்வளவு எளிதில் தப்ப விடுவதில்லை. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிய பிறகு திரும்பி வரச் சொல்கிறது. மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை பாவப்பரிகார நாளும் போக்காது என்பது யூதர்களின் பழைய சமயச் சட்டத்தொகுப்பான மிஷ்னா கூறும் விதி. சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகாது என்றும், இருவரில் சிறந்தவர் முதலில் சலாம் சொல்பவரே என்றும் நபிமொழி கெடு வைக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அந்த மூன்று நாள் கெடு பயன்படும். அதற்குள் சூடு தணிந்துவிடும், ஆனால் மௌனம் பழக்கமாகியிருக்காது. தொழுகையோ பிரார்த்தனையோ மனத்தை ஆற்றுமானால் நல்லதுதான். "அவருக்கு நல்ல புத்தியைக் கொடு" என்ற வேண்டுதலை மட்டும் தவிர்க்கலாம், ஏனென்றால் அதுவும் மேலிடத்துக்கு அனுப்பும் புகார்க் கடிதமே.

பேசப் போகும்போது தனியாகப் போங்கள், தூது வேண்டாம். நடந்ததை ஒரு வாக்கியத்திலும், அது உங்களை எப்படித் தாக்கியது என்பதை இன்னொரு வாக்கியத்திலும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உங்கள் பக்கத்துப் பிழைக்கு வருத்தம் தெரிவித்தால், அதன் பின்னால் 'ஆனால்' என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள்.

அந்தப் பேச்சிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. முசாபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடத்திய முகாமில், 22 சிறுவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். அவர்களை வெறுமனே ஒன்றாக உட்கார்த்தி உணவளித்தபோது, உணவையே ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் வரத்து தடைப்பட்டதாக ஒரு சிக்கலை உருவாக்கி, இரு குழுவும் சேர்ந்தால் ஒழியத் தீராது என்ற நிலை வந்த பிறகே பகை படிப்படியாகத் தணிந்தது. (முந்தைய ஆண்டில் அவர் நடத்திய இன்னொரு முகாமில் சிறுவர்கள் எதிர்பார்த்தபடி பகைத்துக்கொள்ளவே இல்லை என்பதையும் நினைவில் வைப்பது நியாயம், மனிதர்களுக்குச் சண்டை ஒன்றே இயல்பு என்று அந்த ஆய்விலிருந்து முடிவுகட்ட முடியாது.) ஆகவே, சமாதானம் பேசிய கையோடு, இருவர் இல்லாமல் முடியாத சிறிய வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். விருந்தும் தேநீரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் விஷயத்தில் பேச்சு அரைகுறையாகத்தான் முடிந்தது. அவர் "சரி, பரவாயில்லை" என்றார், நான் தலையசைத்தேன். அடுத்த ஆண்டறிக்கை அச்சுக்குப் போகவிருந்த நாளில், ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகையில் 18 குறைந்தது. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது கணக்கு எழுதுபவர்கள் அறிந்த பழைய உத்தி. அவர் மூலத்தாளிலிருந்து எண்களை உரக்கப் படிக்க, நான் அச்சுப்படியில் பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது பக்கத்தின் அடியில் அவர் "அறுபத்து நான்கு" என்றார். என் தாளில் 46 இருந்தது. அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அவர் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார், பிறகு தாளைப் புரட்டிக்கொண்டே, "நாம் இன்னும் இரண்டு பக்கம் பார்க்கவேண்டும்" என்றார்.