செயின்ட் ஜஸ்ட்டில் குடும்ப விடுமுறை: சுரங்கத்தையும் கடலையும் சேர்த்துத் திட்டமிடும் முறை

இங்கிலாந்துப் பெருநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் கடைசி நகரம் செயின்ட் ஜஸ்ட். அது இருக்கும் கார்ன்வால் பகுதிக்குப் போகிறவர்களில் பலர் லேண்ட்ஸ் எண்ட் என்ற நிலமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில மைல் வடக்கே, கேப் கார்ன்வால் முனையில் தொடங்கி பெண்டீன் ஊர் வரைக்கும் ஒரு பாறைக்கரை நீள்கிறது. அந்தக் கரையையும், கரைக்கு அப்பால் கடலடியையும் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி வெள்ளீயமும் செம்பும் எடுத்தார்கள். கடைசியாக இயங்கிய கீவர் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. 2006இல் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

பள்ளி வயதுப் பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்காக, நான்கு நாள் பயணத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சுரங்கத்தை முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். கடற்கரையில் இரண்டு நாள் ஆடிய பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு அழைத்தால் முகம் சுளிப்பார்கள். சுரங்கத்துக்குள் போய்வந்த பிள்ளைகளோ, அதே கடலைப் பார்த்து "இதுக்கு அடியிலயும் ஆள் இருந்தாங்களா?" என்று கேட்பார்கள்.

படி 1: புறப்படும் முன் ஈயச்சொம்பைக் காட்டுங்கள்

வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதா? அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும் வெள்ளீயம்தான். செம்போடு அதைச் சேர்த்து உருக்கினால் வெண்கலம். ஒரு சொம்பையும் ஒரு வெண்கல விளக்கையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, "இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் போகிறோம்" என்று சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் அங்கே போன பிறகு நீங்கள் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டு சொற்களையும் சொல்லிவையுங்கள். ஊர்ப் பலகைகளில் 'வீல்' என்று தொடங்கும் பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்னிஷ் மொழியில் வேலைத்தலம், அதாவது சுரங்கம் என்று பொருள். 'பால் மெய்டன்' (bal maiden) என்றால் சுரங்க வாசலில் சம்மட்டியால் தாதுக்கல் உடைத்த பெண்கள், சிறுமிகள். உங்கள் மகளுக்குப் பத்து வயதென்றால் அந்த வயதுப் பிள்ளைகளும் அந்த வேலை பார்த்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லலாம்.

படி 2: விடுதிக்கு முன் ஏற்றவற்ற அட்டவணை

கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்வதுதான் ஏற்றவற்ற அட்டவணை. தொடக்கக்காரர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். நாங்களும் முதல் முறை இதைப் பார்க்காமல்தான் போனோம். சாப்பாடெல்லாம் முடித்து, மாலை ஐந்து மணிக்கு வாளியும் மண்வெட்டியுமாக இறங்கினால், காலையில் மேலிருந்து பார்த்த அகன்ற மணல்வெளி பெரும்பகுதி தண்ணீருக்குள் போயிருந்தது. சின்னவள் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவு வித்தியாசம் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இங்கே ஓதம், அதாவது இந்த ஏற்றவற்றம், பெரிதாக இருக்கும் நாட்களில் அது 5 மீட்டரை நெருங்கும். கடல் ஏறி முடித்த பிறகு வற்றி முடிக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இதில் நம் வீட்டுத் தினசரி நாட்காட்டி உதவும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓதம் பெரிதாக இருக்கும். கார்ன்வாலின் இந்த மேற்கு முனையில், கோடைக்காலத்தில் அந்த நாட்களில் கடல் நண்பகலை ஒட்டி நன்றாக வற்றியிருக்கும். மாலை ஆறு மணி வாக்கில் நிறையும். மணலில் ஆடும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நண்பகலில்தான் தண்ணீர் ஏறி நிற்கும். அப்போது காலையையும் மாலையையும் கடலுக்கு வைத்து, நடுப்பகலைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிடலாம்.

துல்லியமான நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள நியூலின் துறைமுகத்தின் அட்டவணையைப் பாருங்கள். பிரிட்டனின் மலை உயரங்களையெல்லாம் அளக்க அடிப்படையாக இருப்பதே 1915 முதல் 1921 வரை நியூலினில் அளந்த சராசரிக் கடல்மட்டம்தான். ஒரு எச்சரிக்கை: சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் நம்பாதீர்கள்.

பள்ளி விடுமுறைக்குள்தான் போக முடியும் என்றால் மே மாதக் கடைசி வாரம் என் தேர்வு. பகல் நீளம், கூட்டம் ஆகஸ்டைவிடக் குறைவு, பாறைச்சரிவெல்லாம் பூத்திருக்கும்.

படி 3: பயணமும் தங்குமிடமும்

லண்டன் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனிக்கிழமை தவிர மற்ற இரவுகளில் படுக்கை வசதி ரயிலும் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ரயில் அட்டை வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். நான்கு பேர் போய்வரும் ஒரே பயணத்தில் அட்டைக் காசு திரும்பிவிடும்.

பென்சான்ஸிலிருந்து செயின்ட் ஜஸ்ட் ஏழெட்டு மைல், பேருந்து உண்டு. கோடையில் மேல்தளம் திறந்த பேருந்து இந்த முனையைச் சுற்றி ஓடும். அந்தந்த ஆண்டின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கு: செயின்ட் ஐவ்ஸ் போகும் கரையோரச் சாலை அழகானது, ஆனால் குறுகல். எதிரே பேருந்து வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர்ச் சதுக்கத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சமையலறையோடு ஒரு வீடு எடுங்கள். கடல் தெரியும் அறைக்காக ஊரைவிட்டுத் தள்ளிப் போனால், ஒரு பால் பாக்கெட்டுக்கும் வண்டியை எடுக்க வேண்டிவரும்.

படி 4: முதல் நாள், கீவரும் லெவன்ட்டும்

இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கீவரில் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். நிலத்தடிப் பகுதிக்கான வயது, உயரக் கட்டுப்பாடுகளையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அழைத்துப் போவது தண்டுக்குள், அதாவது செங்குத்தாக இறங்கும் ஆழமான குழிக்குள் அல்ல. பழைய காலத்தில் கையால் வெட்டிய கிடைமட்டச் சுரங்கப் பாதைக்குள். தலைக்கவசம் தருவார்கள். உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும், தரை ஈரமாக இருக்கும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் இருட்டுக்கு அஞ்சும் குழந்தைக்கும் மேலே உள்ள அருங்காட்சியகமே போதும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முந்தைய இரவே பேசி முடித்துவிடுங்கள். வாசலில் நின்று முடிவெடுத்தால் யாராவது மனம் வருந்துவார்கள்.

நான் அதிக நேரம் நின்ற இடம் 'ட்ரை' என்று அவர்கள் அழைக்கும் உடைமாற்றும் கூடம். வேலை முடித்து மேலே வந்தவர்கள் குளித்து, ஈரத்துணியைக் காயவைத்த இடம். கடைசி நாளில் விட்டுப்போனபடியே வைத்திருக்கிறார்கள். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. ஐந்தே ஆண்டில் இந்த ஊரின் பிழைப்பே போய்விட்டது. அந்தக் கூடத்தில் தொங்கும் உடைகளைப் பார்த்தால் அது புரியும். பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. கோலார் தங்கவயலை 1880 முதல் நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்களை அழைத்துவந்தது. அவர்களின் கீழ் தண்டுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் மற்றத் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போனவர்கள். தங்கவயல் 2001இல் மூடியது. அங்கே சொந்தங்கள் இருந்த குடும்பம் என்றால், தாத்தாவின் கதையைச் சொல்ல இந்தக் கூடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கீவரிலிருந்து கரையோரப் பாதையில் கால்மணி நேரம் நடந்தால் லெவன்ட். இது மரபிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளது; கீவருக்குத் தனிச்சீட்டு, அந்த உறுப்பினர் அட்டை அங்கே செல்லாது. லெவன்ட்டில் 1840இல் செய்த நீராவி இயந்திரத்தைத் தன்னார்வலர்கள் பல ஆண்டு உழைத்து மீட்டிருக்கிறார்கள். இதன் சுரங்கப் பாதைகள் கடலடியில் ஒரு மைலுக்கு மேல் போகின்றன. 1919 அக்டோபர் 20 அன்று, ஆட்களை மேலே கொண்டுவரும் இயந்திரத்தின் இணைப்பு முறிந்து 31 பேர் இறந்தார்கள். அங்கே போகும்போது சற்றுக் குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லுங்கள்.

பக்கத்தில் உள்ள போட்டலாக் என்ற பழைய சுரங்கத்தை அன்றே சேர்க்காதீர்கள். மறுநாள் மாலை வெயிலில் போங்கள். கடல் விளிம்பில் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும், சுரங்க இயந்திரங்கள் இருந்த இரண்டு கட்டடங்களும் மேலிருந்தே நன்றாகத் தெரியும். கீழே இறங்கும் சரிவு சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

படி 5: இந்த நிலத்தில் நடக்கும் விதிகள்

இதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். பழைய தண்டுகள் எத்தனையோ இருக்கின்றன. பலவற்றின் மேல் கூம்பு வடிவக் கம்பி வலை மூடியிருக்கும்; உள்ளே வாழும் வௌவால்கள் வந்துபோக அந்த இடைவெளிகள். அதன்மேல் ஏறக் கூடாது, உள்ளே கல் எறியக் கூடாது. வேலி போட்ட இடத்துக்குள் போகக் கூடாது. பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கவே கூடாது.

போட்டலாக்கில் தாதுவை வறுத்து ஆர்சனிக் பிரித்த வளைந்த புகைப்பாதைகளைப் பார்க்கலாம். அங்கும் கழிவுக்குவியல்களிலும் மண்ணை அள்ளி விளையாட விடாதீர்கள். சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள். ஈரத்துணிப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். பளபளக்கும் கல் வேண்டும் என்று அடம்பிடித்தால் அருங்காட்சியகக் கடையில் வாங்கிக் கொடுங்கள்.

படி 6: கடல் நாள்

மணலுக்கு சென்னன் கோவ் கடற்கரை. கோடையில் அங்கே உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். கறுப்பு-வெள்ளைக் கட்டக் கொடி அலைப்பலகைக்காரர்களுக்கு. முழுச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. ஆபத்து என்றால் 999 அழைத்து கோஸ்ட்கார்டை (கடலோரக் காவல் அமைப்பை) கேளுங்கள். ஆகஸ்டில்கூட தண்ணீர் 17 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு வெட்சூட் எனும் குளிர் தாங்கும் நீச்சலுடையை வாடகைக்கு எடுப்பது வீண்செலவே அல்ல.

ஊருக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் கேப் கார்ன்வாலின் கீழே பிரீஸ்ட்ஸ் கோவ். மணல் கிடையாது, கற்கள்தான். ஆனால் பாறைக்கிடையே கட்டிய சின்னக் குளம் ஒன்று உண்டு. கடல் அமைதியாக வற்றியிருக்கும்போது அதில் பிள்ளைகள் காலாட்டிக்கொண்டு உட்காரலாம். ஏற்றம் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள்.

படி 7: மழைக்கு ஒரு நாளை எழுதிவையுங்கள்

மழை வரும். அதற்கு நான் வைத்திருப்பது போர்த்கர்னோவின் தந்தி அருங்காட்சியகம். 1870இல் இந்தக் கரையில் ஏறிய கடலடிக் கம்பிதான் பிரிட்டனை பம்பாயோடு இணைத்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த நிலையத்தைப் பாதுகாக்கப் பாறைக்குள் குகைப்பாதை தோண்டினார்கள். தோண்டியவர்கள் இந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களே. முதல் நாள் பார்த்ததோடு பிள்ளைகளே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். வானம் தெளிந்தால் மேலே மினாக் என்ற திறந்தவெளி அரங்கம்; ரொவீனா கேட் என்ற பெண்மணி 1930களில் தொடங்கி, பாறையைச் செதுக்கி உருவாக்கியது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. கார்னிஷ் பேஸ்டி பார்க்க நம் சோமாசியின் பெரிய அண்ணன் போல இருக்கும். வழக்கமானதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு (swede) என்ற கிழங்கு. வேண்டாதவர்கள் சீஸ்-வெங்காயப் பேஸ்டி கேட்டு வாங்கலாம்.

கடைசி மாலையைக் கேப் கார்ன்வாலுக்கு வையுங்கள். உச்சியில் நிற்பது பழைய சுரங்கத்தின் புகைபோக்கி. சூரியன் நேரே அட்லாண்டிக்கில் இறங்கும். மேலே காற்று பலமாக அடிக்கும், ஆளுக்கொரு காற்றுச் சட்டை அவசியம். திரும்பும் பாதையில் விளக்கு கிடையாது. கைவிளக்கை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.