பினாங்கு ஜார்ஜ் டவுன்: காலையில் நடை, மதியம் நாசி கண்டார்

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு என் முதல் யோசனை: தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து படகு. பாலத்தில் காரோட்டி வந்தால், ஊர் கடல்மேல் மெல்ல நெருங்கி வரும் அழகு கிடைக்காது.

பழைய நகருக்குள்ளேயே தங்குங்கள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பகுதி, நடந்தே பார்த்துவிடலாம். வெயில் ஏறுமுன் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இன் கோயில், ஒரு தெரு தள்ளி மகா மாரியம்மன் கோயில், அப்புறம் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நான்கும் சில நிமிட நடைக்குள். சுவரோவியங்களின் முன் வரிசையில் நிற்பதைவிட இதற்கு நேரம் கொடுங்கள்.

மதியம் நாசி கண்டார்தான். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலச் சுமந்து விற்ற சோறு இது. வேண்டிய கறியைக் கைகாட்டுங்கள், வெண்டைக்காயை விடாதீர்கள். பிறகு "குவா சம்பூர்" என்று சொன்னால் மீன், கோழி, ஆட்டுக் குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். ஒரே குழம்போடு நிறுத்தினால் பாதி ருசி போச்சு! பெரிய இறால், கணவாய் எடுக்குமுன் விலை கேளுங்கள். தொகை சட்டென்று ஏறிவிடும்.

மாலைப் பசிக்கு அசாம் லக்சா: புளிப்பான மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், புதினா, அன்னாசி. மேலே ஊற்றும் கறுப்பு இறால் விழுதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சியூ படகுத்துறையில் கடல்மேல் கால் நட்ட வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. பலகைப் பாதையில் நடக்கலாம். வாசலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.