விரல்ரேகை மறுத்தது, முகம் ஏற்றது

குலசேகரம் பகுதி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வுபெற்ற என் விரல்ரேகையை, இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியத்துக்காக, உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழ் பதியச் சென்ற மூன்று நாள்களும் கருவி ஏற்கவில்லை. சோப்பிட்டுக் கழுவியும், பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தும் பயனில்லை.

பிறகு, 2021 முதல் நடப்பிலுள்ள முகப்பதிவு முறைக்காக சான்றிதழைப் பதியும் ஜீவன் பிரமாண், முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆகிய இரு செயலிகளையும் மகளின் கைபேசியில் நிறுவினோம். இரண்டாவது செயலிக்குத் திரையில் சின்னமே தோன்றாது. அது பின்னணியில் மட்டுமே இயங்கும் என்பதை அறியாமல், மூன்று முறை நீக்கி மீண்டும் நிறுவி ஒரு நாளை இழந்தோம். முதலில் கேட்கப்படும் ‘ஆபரேட்டர்’ என்பது இ-சேவை மைய ஊழியர் என்று எண்ணியதும் தவறு. ஓய்வூதியரே அவ்விடத்தில் தம் ஆதார் எண்ணைத் தரலாம்; அதனால் ஆபரேட்டராக ஒருமுறை, ஓய்வூதியராக ஒருமுறை என முகத்தை இருமுறை காட்ட வேண்டும். சன்னல் வெளிச்சத்தைப் பார்த்து அமர்ந்து கண் சிமிட்டியதும், சான்றிதழ் பதிவானதற்கான பிரமாண் எண் வந்தது, பெரும் ஆறுதல்.