ஐந்து பேர் போதும், ஆனால் எந்த ஐந்து பேர்? பயனர் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மருத்துவமனைக்கான முன்பதிவுத் தளத்தை, அதைப் பயன்படுத்தக்கூடியவர்கள் கையிலேயே கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கையில் அவருடைய சொந்த போன். டாக்டரைத் தேர்ந்தெடுத்தார், நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், மொபைல் எண்ணைப் போட்டார். ஓடிபி எண்ணைப் பார்க்க மெசேஜுக்குப் போனார். அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு திரும்பி வந்தால், பக்கம் புதிதாகத் திறந்து, முதலிலிருந்து டாக்டரைத் தேடச் சொன்னது.

"நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல" என்றார். தப்பு எங்களுடையது. அலுவலகத்தில் எங்கள் எல்லோர் போனிலும் ஓடிபி தானாகவே நிரம்பிவிடும். அதைப் பார்க்க மெசேஜுக்குப் போக வேண்டிய தேவையே எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று பக்கத்து மேஜைக்காரரை உட்கார வைத்துவிடுகிறோம். அவருக்குத் தளத்தின் உள்விவரம் தெரியும், நல்ல போன், வேகமான வைஃபை. அவர் தடுமாறாமல் முடித்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கேள்விகளை ஒத்திகை பார்க்க மட்டும் அவரைக் கூப்பிடுங்கள். முந்தைய நாள் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது மிகவும் அவசியம்.

"ஐந்து பேர் போதும்" என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். 1993-ல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இரண்டு பயன்பாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒரு பயனர் சராசரியாக 31% குறைகளை வெளிக்கொண்டு வருவார் என்று வைத்தால், ஐந்து பேரில் சுமார் 85% தெரிந்துவிடும். ஆனால் 2000-ல் நீல்சன் இதை விளக்கி எழுதியபோது சொன்ன மீதிப் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: 15 பேரைச் சோதிக்கக் காசு இருந்தால், ஐந்து ஐந்து பேராக மூன்று சுற்று வையுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் திருத்துங்கள். திருத்தாமல் ஐந்து பேரோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. அப்புறம், நோயாளியும் வரவேற்பறை ஊழியரும் ஒரே தளத்தை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் தலா மூன்று நான்கு பேர் வேண்டும்.

ஐந்தில் மூன்று பேர் சிக்கினார்கள் என்பதை "60% பயனர்கள்" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். இந்தச் சோதனை எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்று காட்டும். எத்தனை சதவீதம் என்று தெரிய வேறு வகை ஆய்வு, நிறைய ஆட்கள் வேண்டும்.

பணியைச் சொல்லும் விதத்திலேயே விடையைக் கொடுத்துவிடுவது இன்னொன்று. "அப்பாயின்ட்மென்ட் பட்டனை அழுத்தி பதிவு செய்யுங்கள்" என்றால், அவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடுவார், கண்டுபிடிப்பார், நாம் மகிழ்ந்துபோவோம். "உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, வியாழக்கிழமை காலையில் டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நாலைந்து பணிகள் போதும். இந்தச் சோதனை முடிந்ததும் எதை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறோம்? அது தெரியாவிட்டால் பணிகளை எழுதவே உட்காராதீர்கள்.

சரி, எல்லாம் தயார், ஆளும் வந்துவிட்டார். இப்போதுதான் நம் வாய் பெரிய எதிரி. அவர் பத்து விநாடி தயங்கினாலே, "கீழே பாருங்க" என்று சொல்லத் துடிக்கும். அந்தப் பத்து விநாடியைப் பார்க்கத்தான் அவரை வரவழைத்தோம். "இதைத்தான் அழுத்தணுமா?" என்று கேட்டால், "நான் இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும்போது, அவர் வீட்டில் பேசும் தமிழிலேயே பேசட்டும். நாம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் பலர் மௌனமாகிவிடுகிறார்கள்.

"பிடிச்சிருக்கா?" என்ற கேள்வியை அறவே விடுங்கள். நம் ஊரில் எதிரில் உட்கார்ந்து கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். ஒரு நிமிடம் முன்னால் அதே பக்கத்தில் பாதியில் நின்றுபோனவர்தான் அப்படிச் சொல்வார். கைவிரல் எங்கே போயிற்று, எங்கே நின்றது என்பதை எழுதி வையுங்கள்.

மணிக்கணக்கில் பதிவு செய்த வீடியோவை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. டெவலப்பர்களை நேரிலேயே, பக்கத்து அறையிலிருந்தாவது பார்க்கச் சொல்லுங்கள். பயனர் சோதனை பற்றிப் புத்தகங்கள் எழுதிய ஸ்டீவ் க்ரூக் சொல்லும் வழி எனக்குப் பிடிக்கும்: மாதத்தில் ஒரு காலை, மூன்று பேர், மதியச் சாப்பாட்டின்போதே எதைச் சரிசெய்வது என்று முடிவு. நாற்பது பக்க அறிக்கை தயாராவதற்குள் தளம் மாறியே போயிருக்கும்.

நாங்கள் அந்த ஓடிபி பக்கத்தை அன்றே சரிசெய்யத் தொடங்கினோம். அடுத்த சுற்றில் வந்த பெரியவரும் மெசேஜுக்குப் போனார். திரும்பியபோது டாக்டர் பெயரும் நேரமும் அப்படியே இருந்தன. எண்ணைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "பதிவு ஆயிடுச்சா இல்லையா?" உறுதி செய்யும் வரி, கீபோர்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது.