நிழலில் ஆந்தூரியம்: பூக்க வைத்த விதம்

கிணற்றடிப் பலா மரத்தின் கீழே எப்போதும் ஈரம். வெயில் குறைவு. அங்கே வைத்த ஆந்தூரியம் இலை விட்டது, பூக்கவில்லை. இலை நுனியும் பழுப்பாகிக் காய்ந்தது.

ஈரம் பிடிக்கும் செடிதான், ஆனால் சேறு ஆகாது. கொலம்பியா, எக்குவடோர் மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் இனம் இது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ, காற்றும் அவ்வளவு வேண்டும். அதனால் களிமண்ணிலிருந்து எடுத்து, அகலமான மண்தொட்டிக்கு மாற்றினேன். அடியில் உடைத்த செங்கல், அதன் மேல் தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, கொஞ்சம் மக்கிய இலை. மட்டையைச் சில நாள் ஊறவைத்து, சாயத் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவிவிட வேண்டும். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

நுனி கருகியதற்கு போர்வெல் தண்ணீரின் உப்புதான் காரணம் என்று தோன்றியது. மழைநீர் பிடித்து ஊற்றத் தொடங்கியதும் புது இலைகள் சுத்தமாக வந்தன.

அப்புறம் வெளிச்சம். நிழல் என்றால் இருட்டு இல்லை. தாழ்ந்த கிளைகள் இரண்டை வெட்டியதும் காலை வெளிச்சம் சல்லடையாக இறங்கியது. ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலிருந்தும், ஒரு பூ வரும் செடி இது. இலை செழித்ததும் பூவும் தொடர்ந்தது. சிவப்பாகப் பளபளப்பது இதழல்ல, பூவடிச் செதில்; பூவுக்கு அடியில் வரும் இலை போன்ற பகுதி. வாரக்கணக்கில் வாடாது.

செடியின் சாறு தோலில் பட்டால் அரிக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.